கப்பித்தான்கள் போதும்

ஊராட்சி மன்றத் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று மலேசியாவில் யாராவது கேட்டால், பதிலாக ஒரு தேதி வரும். மே 13. 2015 ஜனவரியில் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங் அதைத்தான் சொன்னார்: நகரங்களில் தேர்தல் வைத்தால் இனங்களுக்கிடையே சமநிலை கெடும், 1969 இனக் கலவரம் திரும்பும். 2018இல் ஆட்சி மாறியது. ஊராட்சித் துறை அமைச்சர் சுரைடா கமாருடின் மூன்று ஆண்டுகளில் தேர்தல் நடத்தலாம் என்று பேசிப் பார்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், அது இனமோதலில் போய் முடியும் என்று கதவைச் சாத்தினார். 2025இல் கோலாலம்பூர் டத்தோ பண்டாரை (மேயரை) மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்ற பேச்சு கிளம்பியபோதும் அதே முணுமுணுப்பு. கட்சி மாறுகிறது, கூட்டணி மாறுகிறது. இந்த ஒரு வாதம் மட்டும் எல்லா அமைச்சரவையிலும் இடம் பிடித்துவிடுகிறது.

மேடையில் முழங்குகிறவர்களை விட்டுவிடலாம். மெல்லிய குரலில் இதைச் சொல்கிறவர்களோடுதான் எனக்குப் பேச்சு. படித்தவர்கள், சண்டை சச்சரவு வேண்டாம் என்று உண்மையிலேயே நினைப்பவர்கள், அவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். அவர்கள் கட்சி இது: பல இனம் வாழும் நாட்டில் வாக்குச்சீட்டு எல்லா மூலைக்கும் போகக் கூடாது. பெட்டியைத் திறந்தால் இனம்தான் வெளியே வரும். பெரும்பான்மை இனத்தின் முதன்மையை எல்லாரும் ஏற்றுக்கொண்டு, மற்றதை அந்தந்த இனத்துத் தலைவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசித் தீர்த்தால் நாடு அமைதியாக இருக்கும். சாட்சி கேட்டால் பினாங்குக்குக் கூட்டி வருவார்கள். ஜார்ஜ் டவுனில், பழைய ஆட்கள் இன்றும் பிட் ஸ்திரீட் என்று சொல்லும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

சாட்சி அழகானதுதான். வட முனையில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அதைத் தாண்டினால் சீனர்களின் குவான் யின் கோயில், வாசலில் எந்நேரமும் ஊதுவத்திப் புகை. அடுத்து, குயின் ஸ்திரீட் பக்கம் முகம் வைத்து இந்தச் சாலைக்கு முதுகு காட்டும் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில். அப்புறம் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் 1808இன் அச்சே தெருப் பள்ளிவாசல். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகு ‘நல்லிணக்கத் தெரு’ என்ற பட்டமும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அமைச்சர்கள் வெளிநாட்டு விருந்தினரைக் கூட்டி வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவரவர் அவரவர் இடத்தில் இருந்தால் எப்படி ஒற்றுமையாக வாழலாம், பாருங்கள்!

பார்க்கலாம். ஆனால் படம் எடுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் போதாது.

1867 ஆகஸ்டில் இந்த வட்டாரம் பத்து நாள் பற்றி எரிந்தது. அச்சே தெரு, ஆர்மீனியத் தெரு, கடற்கரைத் தெரு வரை வெட்டும் குத்தும் துப்பாக்கிச் சூடும். பினாங்குக் கலவரம் என்றதும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சண்டை என்று இன்றைய மூளை எழுதிக்கொள்ளும். உண்மை வேறு. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனச் சங்கமும் வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் சங்கமும். எதிர்ப் பக்கம் தோ பே கொங் என்ற சீனச் சங்கமும் செங்கொடி என்ற முஸ்லிம் சங்கமும். சீனர் சீனரை வெட்டினார்கள், முஸ்லிம் முஸ்லிமை வெட்டினான், இரு பக்கமும் மற்ற இனத்துக் கூட்டாளி தோளோடு தோள் நின்றான். செங்கொடிப் பக்கம் சையது முகமது அல்அத்தாஸ், தோ பே கொங் பக்கம் கூ தியன் தெயிக், இருவரும் இந்தச் சந்துகளிலேயே இருந்த பெரிய வியாபாரிகள். சண்டை ஆதிக்கத்துக்கும் வருமானத்துக்கும். இனம் என்பது ஆதியிலிருந்து நம்மைப் பிரித்து வைத்திருக்கும் இயற்கை, அரசியல் அதைத் தொட்டால் வெடிக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பத்து நாளை எங்கே வைப்பார்கள்? இனத்தின் பேரில் அணி திரள்வதும் பழகிக்கொண்ட ஒரு பழக்கம். அதைப் பழக்கியவர்கள் உண்டு. பழக்கிய அமைப்புகளும் உண்டு.

அந்த அமைப்புகளில் மூத்தது இந்தச் சாலையின் பெயரிலேயே இருக்கிறது. பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீன் மரைக்காயர், கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்ட தென்னிந்தியர்களின் கப்பித்தான். சீனர்களுக்குக் கோ லே ஹுவான் கப்பித்தான். 1786இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிய பிறகு கம்பெனிக்கு ஆள் பலம் கிடையாது, பணமும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பெரிய மனிதரைப் பிடித்து, உன் ஆட்களை நீ பார்த்துக்கொள், எதுவானாலும் நீ எனக்குப் பதில் சொல் என்று பொறுப்பை ஒப்படைத்தார்கள். மலிவான ஆட்சி. அந்த மனிதர்களில் பலர் நல்லவர்கள், தாராளமானவர்கள். மரைக்காயர் கட்டிய பள்ளிவாசலே அதற்குச் சான்று. ஆனால் கப்பித்தானின் அதிகாரம் கீழே இருப்பவர்களிடமிருந்து வரவில்லை, மேலே இருப்பவனிடமிருந்து வந்தது. தன் இனம் தனித்து நின்றால்தான் அவர் பதவிக்கு அர்த்தம்.

சுதந்திர மலேசியாவின் இனக் கட்சிகளையும், இன அளவில் பங்கிடப்படும் நியமனப் பதவிகளையும் பார்க்கும்போது எனக்குக் கப்பித்தான் ஞாபகம்தான் வருகிறது. அம்னோ மலாய்க்காரருக்கு, ம.சீ.ச. சீனருக்கு, ம.இ.கா. இந்தியருக்கு. இன்று தீவை ஆளும் பினாங்கு மாநகர் மன்றத்தில் மேயரும் 24 உறுப்பினர்களும். ஒருவரையும் மக்கள் வாக்களித்து அனுப்பவில்லை. கூட்டணிக் கட்சிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, மாநில அரசு நியமிக்கிறது. நல்லிணக்கத் தெருவில் எந்தக் கடைக்கு உரிமம், எந்த ஓரத்தில் வண்டி நிறுத்தலாம், எந்தப் பழைய வீடு தங்கும் விடுதியாகலாம் என்று முடிவு செய்கிற மன்றத்துக்கு அந்தத் தெருக்காரன் வாக்களித்து ஆறு பத்தாண்டுகள் ஆகின்றன.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலாயாவின் முதல் தேர்தல் நாடாளுமன்றத்துக்கு நடக்கவில்லை, ஜார்ஜ் டவுன் நகராட்சிக்குத்தான் நடந்தது, 1951 டிசம்பரில். 15 இடங்களில் 9 இடங்களுக்கு வாக்கெடுப்பு. லிம் சோங் யூவின் ராடிக்கல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. காலத்தைக் கவனியுங்கள். நாட்டில் அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுப் போர். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி அக்டோபரில் சாலையில் வழிமறித்துச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு மாதத்தில் இங்கே வாக்குப்பெட்டி வைத்தார்கள். பிறகு மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டதானது. மின்சாரம், தண்ணீர், பேருந்து மூன்றையும் தானே நடத்திய மன்றம் அது; 1957 ஜனவரி 1இல் மாநகரத் தகுதியும் பெற்றது.

அந்த மன்றத்தை வென்றது தொழிற்கட்சி. அது மேயராக உட்கார வைத்தவர் டி. எஸ். ராமநாதன். ஆசிரியர், தொழிற்சங்கவாதி, தமிழர். மக்கள்தொகையில் சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த நகரத்தில், சிறுபான்மையிலும் சிறுபான்மையான ஒரு சமூகத்திலிருந்து வந்தவர் மேயரானார். யாரும் அவருக்கு ஒதுக்கீடு தரவில்லை. இந்தியருக்கு இத்தனை இடம் என்று எந்தக் கூட்டணியும் பேரம் பேசவில்லை. ஸ்காட் ரோட்டுக்கு இன்று அவர் பெயர். அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது வேறு கதை.

இது ஒரு ஊரின் அதிசயம் என்று தள்ளிவிட முடியாது. அதே காலத்தில் ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைப் பிடித்து வைத்திருந்தது. அண்ணன் தம்பி இருவரும் இலங்கைத் தமிழர் வழிவந்த வழக்கறிஞர்கள். அவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பகுதி சீனச் சுரங்கத் தொழிலாளரும் கடைக்காரர்களும். 1969 மார்ச்சில் இறக்கும்வரை ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவர்களில் ஒருவரான டி. ஆர். சீனிவாசகம்தான். ஊராட்சி வாக்குப்பெட்டியிலிருந்து இனம்தான் வெளிவரும் என்கிறார்கள். வெளிவந்தது ராமநாதன், சீனிவாசகம்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். மே 13 வாதம் நொறுங்க இது ஒன்றே போதும். ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டது 1965 மார்ச்சில். கலவரம் நடந்தது 1969 மேயில். நான்கு ஆண்டு கழித்து நடக்கப்போவதற்குப் பயந்து முன்கூட்டியே தேர்தலை நிறுத்தினார்களா? அப்போது சொன்ன காரணம் இந்தோனேசியாவோடு மோதல். அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது, உடன்படிக்கை கையெழுத்தானது. தேர்தல் திரும்பவில்லை. அந்த ஆண்டே ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களும் முதலமைச்சர் கைக்குப் போயின. ஊராட்சிகள் எப்படி நடக்க வேண்டும் என்று ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். எதிர்க்கட்சி ஆள் அல்லர், ஆளும் கூட்டணிக்காரர். அவரது ஆணையமே தேர்தல் முறை தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 15ஆம் பிரிவில் தேர்தலைச் சட்டப்படியே புதைத்தது. மே 13 என்ற காரணம் பிற்பாடு தைத்துப் போர்த்திய சட்டை. உள்ளே இருந்த உடம்பு வேறு: ஜார்ஜ் டவுனும் ஈப்போவும் எதிர்க்கட்சிகளிடம் இருந்தன.

தேர்தல் வைத்தால் கலவரமே வராது என்று நான் வாதாடவில்லை. 1957 ஜனவரியில், நகராட்சி நூற்றாண்டுக் கொண்டாட்டத்தின்போது இதே ஊரில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் மோதல் நடந்தது; அப்போது தேர்தல் இருந்தது. 1967 நவம்பரில், பழைய நாணய மதிப்பைக் குறைத்ததை எதிர்த்த ஹர்த்தால் இனக் கலவரமாகி உயிர்களைக் குடித்தது. அப்போது தேர்தல் இல்லாமல் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 1998இல் கம்போங் ராவாவில் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருந்த தகராறு ஊரையே பதற வைத்தபோது தேர்தல் நின்று 33 ஆண்டுகள். இந்தப் பட்டியலிலிருந்து தேர்தலை நிறுத்தியதால் அமைதி வந்தது என்று எவராவது முடிவெடுக்க முடியுமா? கம்போங் ராவாவைப் போன்ற தகராறு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டுத் திண்ணைக்கு முதலில் வரும். இரு தரப்பு வாக்கும் வேண்டும் என்பதால் அவர் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். அப்படி ஒருவர் இல்லாததால் அது துணைப் பிரதமர் வந்து இறங்கும்வரை முற்றியது.

மே 13ஐயே எடுத்துக்கொள்வோம். 1969 மே 10 தேர்தலில் ஆளும் கூட்டணி பினாங்கில் ஆட்சியையே இழந்தது. 24 இடங்களில் 16 எதிர்க்கட்சியான கெராக்கானுக்கு. வாதத்தின்படி ரத்தம் ஓடியிருக்க வேண்டிய ஊர் இதுதான். ஆட்சி கைமாறியது, லிம் சோங் யூ முதலமைச்சரானார், கொலைக்களமானது இந்த ஊர் அல்ல. கொலை நடந்தது கோலாலம்பூரில், 28 இடங்களில் 14-14 என்று சிலாங்கூர் சட்டமன்றம் அந்தரத்தில் தொங்கியபோது, ஊர்வலங்களுக்கு நடுவில், ஆட்சியில் இருந்தவர்களின் பயத்துக்கு நடுவில். அரசுக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள். கோலாலம்பூரிலும் அப்போது ஊராட்சித் தேர்தல் கிடையாது. பிறகு 2008 மார்ச் 8இல் ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, பினாங்கு எதிர்க்கட்சிக்குப் போனது. 2018 மே 9இல் மத்திய ஆட்சியே போனது. இரண்டு முறையும் மே 13 வரும் என்று எச்சரித்தார்கள். இரண்டு முறையும் மறுநாள் காலையில் நாசி கண்டார் கடைகள் வழக்கம்போல் திறந்திருந்தன.

இன்னொரு வேடிக்கை. இன ஒற்றுமைக்கு அடித்தளம் என்று போற்றப்படும் அம்னோ-ம.சீ.ச. கூட்டணி எங்கே பிறந்தது? 1952 பிப்ரவரியில், கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில். இனம் தாண்டிய கட்சி என்று ஓன் ஜாபார் ஆரம்பித்த மலாயா சுதந்திரக் கட்சியைத் தோற்கடிக்க, அதுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு இனக் கட்சிகள் வார்டு வார்டாகத் தொகுதி பிரித்துக்கொண்டன. 12இல் 9 கிடைத்தது. அப்போது ம.இ.கா. ஓன் ஜாபார் பக்கம் நின்றது. 1954இல்தான் கூட்டணிக்கு வந்தது. இனக் கட்சிகளைப் பற்றிய என் கருத்துக்கு இந்தக் கதை சாதகமில்லை, இனம் தாண்டிய கட்சி இதில் தோற்றது. ஆனாலும் மேல்மட்டத் தலைவர்கள் மண்டபத்தில் கூடிக் கண்டுபிடித்ததாக நினைக்கும் ‘சமரசம்’, ஊராட்சி வாக்காளரின் நெருக்குதலில் பிறந்தது. பெற்ற தாயைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள்.

இந்த வாதத்துக்கு வெளிநாட்டுப் பரம்பரையும் உண்டு. பல தேசிய இனங்கள் வாழும் நாட்டில் சுதந்திரமான ஆட்சி அமைப்புகள் ஏறக்குறைய இயலாதவை என்று 1861இல் எழுதியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1977இல் டச்சு அறிஞர் ஆரெண்ட் லைபார்ட், பிளவுபட்ட சமூகங்களில் இனத் தலைவர்கள் கூடி ஆள்வதே வழி என்று கோட்பாடு வகுத்தபோது மலேசியாவும் அவர் தந்த உதாரணங்களில் ஒன்று. அந்த ரகத்துக்குப் பெயர்போன லெபனான் 1932க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கே எடுக்கவில்லை. யார் எத்தனை பேர் என்று தெரிந்துவிட்டால் பங்கீடு உடைந்துவிடுமே! 1975 முதல் 15 ஆண்டு உள்நாட்டுப் போரை அந்தப் பங்கீடு தடுக்கவும் இல்லை.

நம் ஆட்கள் மில்லைக் காட்டுவதில்லை, இலங்கையைக் காட்டுவார்கள். இது கனமான வாதம். ஜனநாயகம் கொடுத்தார்கள், 1956இல் பண்டாரநாயக்கா சிங்களம் மட்டும் என்று சொல்லி அதே வாக்கால் ஜெயித்தார், முடிவு என்னவாயிற்று என்று பார்த்தாயா என்பார்கள். பார்த்தேன். 1956க்கு முன்னால் 1948 இருக்கிறது. அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. சிங்கள இனவாதம் வென்ற வாக்காளர் பட்டியல் முதலில் கத்தரிக்கப்பட்ட பட்டியல். பிறகு, கீழே அதிகாரம் தரும் ஒவ்வொரு முயற்சியையும் அதே இனவாதம் கிழித்தது. 1957இல் பண்டா-செல்வா ஒப்பந்தம் பிரதேச சபைகளைப் பேசியது, 1958இல் கிழித்தெறியப்பட்டது. 1981இல் மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் வந்தது, அந்த வாரத்தில் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். வடக்கு மாகாண சபைக்கு 2013இல் ஒரே ஒரு முறை தேர்தல் நடந்தது. 2018இல் காலம் முடிந்தது, அவ்வளவுதான். இதில் ஜனநாயகம் அளவுக்கு மீறியது எங்கே? கொழும்பில் ஒரே ஒரு பெரிய பெட்டி, அதை வென்றவனுக்கு எல்லாம், மற்ற இடங்களில் பெட்டி வந்தாலும் அதிகாரம் கிடையாது. இனவாதம் செழிக்க அதைவிட நல்ல நிலம் இல்லை. மறுபக்கம் தமிழ்நாட்டைப் பாருங்கள். திராவிட நாடு கேட்ட தி.மு.க. 1963இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது, 1967இல் மாநில ஆட்சிக்கு வந்தது. தடைச் சட்டத்தின் மிரட்டலும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆள்வதற்கு ஒரு மாநிலம் இருந்தது.

மலேசியாவின் ஆட்டமும் அந்தப் பெரிய பெட்டி ஆட்டம்தான். ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம், சட்டமன்றம். அங்கே கேள்வி எப்போதும் பெரியது: நாடு யாருக்கு, மதம் என்னாகும், மலாய்க்காரரின் சிறப்பு நிலையைக் காக்கும் அரசமைப்பின் 153ஆம் பிரிவு நிலைக்குமா. இவ்வளவு பெரிய கேள்விக்கு மனிதன் இனமாகத்தான் வாக்களிப்பான். பயத்தில் வேறு எப்படி வாக்களிப்பான்? சாக்கடை, குப்பை, வாடகை, கடை உரிமம் என்று கேள்வி சிறியதானால் அணிகளும் கலையும். ஜார்ஜ் டவுன் உள்நகரில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியில் முடிந்து, தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறியபோது சீனக் குடித்தனக்காரரும் தமிழ் முஸ்லிம் குடித்தனக்காரரும் ஒரே லாரி வாடகைக்குப் பேரம் பேசினார்கள். அவர்களை ஒரு வார்டாக்கி ஒரு வாக்கு கொடுத்திருந்தால் இனமாக நின்றிருப்பார்களா, வாடகைதாரராக நின்றிருப்பார்களா?

மலாய்க்காரரின் பயத்துக்கு வருகிறேன். அது பொய்ப் பயம் அல்ல. 1950களில் நகரங்கள் சீனர்கள் கையில் இருந்தன. கிராமத்திலிருந்து பார்த்த மலாய்க்காரருக்கு ஊராட்சித் தேர்தல் என்றால் நகரத்துச் செல்வத்துக்கு அதிகாரமும் சேர்வது. ஆனால் 1970இல் நகரத்தில் வாழ்ந்தவர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2020 கணக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கு. அந்த நகரவாசிகளில் பெருந்தொகையினர் மலாய்க்காரர்கள். பினாங்கு மாநிலத்திலேயே இன்று இரு இனமும் ஏறக்குறைய சமம். சீன ஆதிக்கம்தான் கவலை என்றால் கோத்தா பாருவில் ஏன் தேர்தல் இல்லை? குவாலா திரெங்கானுவில் ஏன் இல்லை? மலாய்க்காரரே பெரும்பான்மையாக வாழும், பாஸ் ஆளும் மாநிலத் தலைநகரங்கள் அவை. அங்கே எந்தச் சீனரிடமிருந்து யாரைக் காப்பாற்றுகிறார்கள்? கோத்தா பாரு மலாய்க்காரர் தன் நகரத் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாததற்கு இனத்தில் காரணம் தேடிப் பிரயோசனமில்லை. நியமன அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் கட்சிக்கு அதை விட மனசில்லை.

கடைசியாக நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பயம். தேர்தல் வந்தால் நமக்கு ஓர் இடமும் கிடைக்காது, இப்போது ஒதுக்கீட்டிலாவது நாலு பேர் உட்காருகிறார்கள், 2023இல் ராஜேந்திரன் என்ற நம் பொறியாளரே மேயரானாரே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் நியமித்தவர் விரும்பும்போது எடுத்துவிடக் கூடிய பதவி அது. 2008இல் பினாங்குக்கு முதல் தமிழ்த் துணை முதலமைச்சர் கிடைத்தார், பேராசிரியர் ராமசாமி. 2009இல் கம்போங் புவா பாலா என்ற தமிழர் கிராமம் மாட்டுக் கொட்டகையோடு இடிபட்டது. நிலம் கைமாறியது முந்தைய ஆட்சியில், இடிபட்டது புதிய ஆட்சியில். உச்சியில் நம் ஆள் இருந்தார், கிராமம் இல்லை. அவர் மனம் வைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கப்பித்தானின் சக்தி அவ்வளவுதான். ரத ஊர்வலத்தையே பாருங்கள். தைப்பூசத்தில் செட்டியார்களின் பழைய வெள்ளி ரதத்தோடு 2017 முதல் அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் ஓடத் தொடங்கி, எது முன்னால் என்று நாமே நமக்குள் அணி பிரிந்து நிற்கிறோம். இனத்துக்கு ஒரு குரல் என்பதே கற்பனை. பிறகு ஒதுக்கீட்டு உறுப்பினர் யாருடைய குரல்?

பத்துப் பேரில் ஒருவராக இருக்கும் சமூகத்துக்கு இனக் கணக்கு என்றுமே தோற்கும் கணக்கு. நாம் ஜெயித்த இடமெல்லாம் அந்தக் கணக்கு பலிக்காத இடம், வார்டு. இருபத்தைந்து வாக்கில் முடிவாகும் ஒரு வார்டில் நூறு தமிழ்க் குடும்பத்தைச் சீன வேட்பாளரும் மலாய் வேட்பாளரும் தேடி வந்தாக வேண்டும். நியமனத்தில் யாரும் தேடி வர வேண்டியதில்லை.

பினாங்கு அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சரி, பயம் அவ்வளவு இருந்தால் 1951இன் அளவிலேயே தொடங்கலாம். அன்றைய காலனி அரசு, உயர் ஆணையரைப் பறிகொடுத்த இரண்டே மாதத்தில், 15இல் 9 இடத்தை மக்களுக்கு விட்டது. இன்று ஜார்ஜ் டவுனில் ஒன்று, கோத்தா பாருவில் ஒன்று, ஷா ஆலமில் ஒன்று என்று மூன்று வகை ஊரில் பாதி இடங்களுக்கு மட்டும் தேர்தல் வைத்துப் பார்க்கட்டும். 15ஆம் பிரிவைத் திருத்த அரசமைப்புச் சட்டத்தில் கை வைக்க வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கும் வேண்டாம். நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒற்றுமை அரசாங்கத்துக்கு அந்த எண்ணிக்கை 2022 முதல் கையில் இருக்கிறது.